எந்தப் பதிவு?

இங்கே என்னோடு பேசத் தொடங்குகிறவர்கள் முதலில் மனிதரைப் போலத்தான் பேசுவார்கள். என் வாயிலிருந்து இரண்டு சொல் விழுந்ததும் மேடை ஏறிவிடுவார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்தில், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இருக்கிற மளிகைக் கடைக்காரர், எனக்கு முன்னால் நிற்கிற பெண்ணிடம் “இன்னா வோணும், சீக்கிரம் சொல்லுக்கா” என்று கத்திக்கொண்டிருப்பார். என் முறை வரும்போது “பருப்பு அரைக் கிலோ தாங்கோ” என்பேன். உடனே குரல் தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, “தங்களுக்கு வேறு ஏதேனும் தேவைப்படுமா?” என்று கேட்பார். சிலோன்காரர்கள் சுத்தத் தமிழ்தான் பேசுவார்கள் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. எங்கள் ஊர்ச் சந்தையில் மீனுக்கு விலை பேசுகிறவர்களை ஒருநாள் கூட்டி வந்து காட்டினால் அந்த நம்பிக்கை தெளிந்துவிடும். மரியாதையாகத்தானே பேசுகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த மரியாதை ஒருநாள் என்னைக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போல் வெளிக்கிட்டு எங்கெங்கோ குந்தியிருக்கிற உங்களுக்கும் இதை எழுதக் காரணம் உண்டு. உங்களில் பலர் நான் அனுப்பிய நாடகத்தைப் பார்த்தவர்கள். அது திடீரென்று நின்றுபோனதும் இணைய மன்றத்தில் என்னைத் தாறுமாறாகத் திட்டியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். திட்டினது போகட்டும். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லையே என்பதுதான் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

என் மனைவி தவமலர் ரொறன்ரோவில் இருக்கிறாள். நாங்கள் இருவருமாக யாழ்ப்பாணத்தை விட்டு இங்கே வந்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அவளுடைய தமையன் கனடாவிலிருந்து ஒரு வழி செய்தபோது, ஒருவர் போகத்தான் அதில் இடமிருந்தது. அவளை அனுப்பினேன். அங்கே அவளை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு எடுக்க மனுப் போட்டாள். கனடாக்காரர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்றுதான். இந்தியாவில் இருந்த காலத்தில் என் மேல் எந்த வழக்கும் இல்லை என்று இங்குள்ள காவல்துறை சொல்ல வேண்டும். அதற்கு இங்கே கிளியரன்ஸ் என்று பெயர். ஒரு சின்ன வழக்கு இருந்தாலும் அவள் அங்கே, நான் இங்கே என்று எங்கள் காலம் முடிந்துபோகும்.

நாடகம் தொடங்கியது இப்படித்தான். இங்கே அதை யாரும் நாடகம் என்பதில்லை, சீரியல் என்பார்கள். எங்களுக்கு அது நாடகம்தான். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வருகிற ஒரு நாடகத்தை நானும் தவமும் விடாமல் பார்த்து வந்தோம். ஒரு வீட்டின் மூத்த மருமகளைப் பற்றிய கதை. அவளைப் பொய்ப் பழி சொல்லி வீட்டை விட்டு அனுப்புகிற கட்டத்தில் தவம் விமானம் ஏறிவிட்டாள். ரொறன்ரோ போய்ச் சேர்ந்து எடுத்த முதல் தொலைபேசியில் குளிரைப் பற்றிச் சொன்னாள், தமையன் வீட்டைப் பற்றிச் சொன்னாள், கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து, “இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டையைத் திருப்பிக் கூப்பிட்டவையோ?” என்று கேட்டாள். நாடகத்து மருமகளைத்தான் கேட்டாள். நான் கதையைச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. இரண்டு பேருடைய பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வாரமே கணினிச் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், கேபிள் வயரைக் கணினியில் செருகிப் படம் பிடிக்கிற ஒரு ட்யூனர் கார்டு வாங்கி வந்தேன். தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு இந்த அளவுக்குக் கணினி தெரியாமல் இருக்குமா? நாடகத்தைப் பதிவு செய்து, விளம்பரங்களை வெட்டி, யாரும் படம் ஏற்றக்கூடிய ஓர் இணையதளத்துக்காக, அது நீளமான படத்தை ஏற்காது என்பதால் துண்டு துண்டாக்கி, பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று பெயர் வைத்துக் காலையில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போவேன்.

தவம் அந்த முகவரியைத் தன்னோடு வேலை செய்கிற பெண்ணுக்குக் கொடுத்தாள். அவள் நோர்வேயில் இருக்கிற அக்காவுக்குக் கொடுத்தாள். யாரோ ஒருவர் அதை மன்றத்தில் போட்டார். பிறகு நான் யாரென்றே தெரியாத ஆட்கள், “தம்பி, நேற்றைய பாகம் மூன்றில் சத்தம் குறைவு” என்று குறை எழுதத் தொடங்கினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இந்த ஊரில் நான் ஒரு வாடகைக்காரன், சிலோன்காரன். அங்கே, முகம் தெரியாத சனங்களுக்கு, நான் வேண்டப்பட்டவனாக இருந்தேன்.

ஒருநாள் காலையில் அந்தத் தளத்தைத் திறந்தபோது பாகங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. உரிமையாளர் முறைப்பாடு செய்ததால் நீக்கிவிட்டோம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் மட்டும் இருந்தது. உரிமை என்ற சொல்லை எங்கள் ஊரில் எத்தனை மேடையில், எத்தனை சுவரில் பார்த்திருப்போம். அந்தச் சொல்லுக்காகச் செத்தவர்களை நமக்குத் தெரியும். ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை பிடிக்கிற நாடகத்துக்கும் உரிமை இருக்கிறது, அதை மீறியவன் நான் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மன்றத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. காசு கட்டி எடுத்த கேபிளில் வந்ததை நம் சனத்துக்குக் காட்டினால் என்ன களவு என்று ஒரு கட்சி. பாரிஸிலிருந்து ஒருவர், காசு கட்டினது நீ பார்க்கத்தானே, உலகத்துக்குக் காட்டவா என்று எதிர்க்கட்சி. அவர் அங்கே தமிழ்த் தொலைக்காட்சிக்குச் சந்தா பிடித்துக் கொடுக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் கோண்டாவிலில் மின்சாரம் இல்லாத காலம்தான். யாராவது வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தால் தெரு, ஒழுங்கை என்று சனம் முழுக்கப் பாயோடு வந்துவிடும். படத்தின் மேல் கோடு கோடாக ஓடும், நடிகர்களுக்கு மூக்கு இருக்காது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைக்குமா என்பது ஒரு பயம், ஹெலிகொப்ரர் வந்தால் வெளிச்சத்தை அணைக்க நேரம் இருக்குமா என்பது அடுத்த பயம். அந்த ஒளிநாடா யாருடையது என்று கேட்ட ஒருவரை எனக்கு ஞாபகமில்லை. அப்படி வளர்ந்தவனுக்கு இது குற்றம் என்று மூளைக்குத் தெரிந்தாலும் மனதுக்கு ஏறவில்லை. வேறொரு பெயரில் கணக்குத் திறந்து திரும்பவும் ஏற்றத் தொடங்கினேன்.

அந்த நாட்களில்தான் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாடிக்கு வந்தார். இந்த ஊரே வயலாக இருந்த காலத்திலிருந்து இருக்கிற குடும்பம். இப்போது வயல் இருந்த இடத்தில் அவருக்கு நாலு வீடும் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையும் இருக்கின்றன. தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்ல வந்தவரின் கண், கணினிக்குள் போகிற கேபிள் வயரில் விழுந்தது.

“இன்னா தம்பி, வயரு டிவிக்குப் போவாம இதுக்குப் போவுது?”

நான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தாம்பரத்துல மார்க்கெட்டாண்ட திருட்டு விசிடி வித்துக்கினு இருந்தான் ஒருத்தன். நம்ம கடைக்கு வர்ற பையன்தான். அவன குண்டாஸ்ல தூக்கிட்டாங்க தெரியுமா? பெயிலே கெடையாது. வருசம் பூரா உள்ளதான்.”

“நான் விக்கிறேல்லை அண்ணா. சும்மாதான் குடுக்கிறனான்.”

“விக்கிறியோ, சும்மா குட்க்கிறியோ, அத்த யாரு வந்து பிரிச்சிப் பாத்துக்கினு இருப்பான்? உன்க்கு பேப்பரு வர்ற நேரம். எதுக்கு இந்தப் பேஜாரு?”

அவர் போன பிறகு வயரைக் கழற்றித் தொலைக்காட்சியில் செருகினேன். நாடகம் தொடங்க நேரமானதும் திரும்பக் கழற்றிக் கணினியில் செருகினேன். தவம் தொலைபேசி எடுத்து முதலில் கேட்கிற கேள்வியே, “பதிவு செய்தாச்சோ?” என்பதுதான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளியரன்ஸ் விசாரணைக்கு வரச் சொல்லி எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது இதற்குச் சில நாட்கள் கழித்து. மாதா மாதம் நான் போகிற இடம்தான். அகதி முகாமுக்கு வெளியே இருக்கிற இலங்கை ஆட்கள் அங்கே தங்கள் இருப்பைக் காட்டிவிட்டு வரவேண்டும். “இலங்கையா? ரிஜிஸ்டர்ல என்ட்ரி போட்டுப் போ” என்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே புதிதாக ஒரு ரைட்டர் இருந்தார். காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டை இங்கே ரைட்டர் என்பார்கள். பக்கத்தில் நின்ற காவலரிடம், “டீ சொன்னியே, இன்னா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நான் “வணக்கம் சேர், கிளியரன்ஸ் விசயமா வரச் சொன்னவை” என்றதும் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். மளிகைக் கடைக்காரருக்கு வருகிற அதே மாற்றம் அவர் முகத்திலும் வந்தது. எனக்கு விளங்கும்படி பேசவேண்டும் என்று அவருக்கு நல்ல மனது.

“அமருங்கள் ஐயா. பதிவைத் தவறாமல் செய்து வருகிறீர்களா?” என்றார்.

தங்குகிற இடத்தைக் காட்டுகிற பொலிஸ் பதிவு என்றால் என்னவென்று தெரியாத இலங்கைத் தமிழன் உண்டா? கொழும்பில் லொட்ஜ் லொட்ஜாக அந்தப் பதிவுக்கு அலைந்தவன் நான். ஆனால் இந்த நாட்டில் அதை யாரும் அந்தச் சொல்லால் சொல்லி நான் கேட்டதில்லை. சில காலமாக அந்தச் சொல் என் காதில் விழுவது ரொறன்ரோவிலிருந்து மட்டும்தான். அதற்கு ஒரே ஒரு பொருள்தான், நாடகம் பிடிப்பது. அந்த அறிவித்தல், குண்டர் சட்டம், ஏகாம்பரம் அண்ணா உட்கார்ந்த நாற்காலி எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தெரிந்துதான் கேட்கிறார், மறைத்தால் இன்னும் கெட்டுப் போகும் என்று நினைத்தேன்.

“ஓம் சேர். ஒவ்வொரு நாளும் செய்யிறனான்.”

“ஒவ்வொரு நாளுமா? எதற்கு ஒவ்வொரு நாளும்? மாதம் ஒருமுறை போதுமே.”

“மனிசிக்காகத்தான் துவங்கினது சேர். காசுக்குச் செய்யேல்லை.”

“காசா?” சுத்தத் தமிழ் அந்த இடத்தில் அறுந்தது. “பதிவுக்கு எவன்யா காசு கேட்டான்? இந்த ஸ்டேஷன்லயா?”

“ஐயோ, ஒருத்தரும் கேக்கேல்லை சேர். கனடா, நோர்வே, பிரான்ஸ் எண்டு கன பேர் எடுக்கினம். ஒரு சதமும் நான் வாங்கேல்லை.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். “கனடாவுக்கு இன்னாய்யா அனுப்பிக்கினு கீற நீ?”

“நாடகம் சேர்.”

“என்னாண்டயே நாடகமா?”

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்க முடியவில்லை. ஊரில் போர் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. இலங்கைக்காரன் ஒருவன் கணினியிலிருந்து தினமும் வெளிநாடுகளுக்கு எதையோ அனுப்புகிறான், அதைத் தானே ஒப்புக்கொள்கிறான். ரைட்டர் எழுந்து உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு காவலர் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய் அந்தக் கணினியைத் தூக்கி வரவேண்டும். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்த பெண் காக்கிச் சட்டையைப் பார்த்துத் தன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் அண்ணா வாசலில் நின்றார். நான் கணினியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வருவதைப் பார்த்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துப் பின்னாலேயே வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். கணினியை மேசையில் வைத்துப் பூட்டச் சொன்னார். ‘பூட்டு’ என்பது எங்கள் ஊர்ச் சொல், அவர் சொன்னது “கனெக்‌ஷன் குடு” என்று. கோப்புகளைத் திறந்தேன். தேதி, பாகம் ஒன்று. தேதி, பாகம் இரண்டு. திரை முழுக்க அதுதான். ஒன்றைத் திறக்கச் சொன்னார். மூத்த மருமகள் அழுதாள். நடுவில் வேறொன்றைத் திறக்கச் சொன்னார். அதிலும் அவள்தான் அழுதாள்.

“சீரியல்தான் சார்,” என்றார் பின்னால் நின்ற ஏகாம்பரம் அண்ணா. “நம்ம வூட்லயும் இத்ததான் பாக்குறாங்க.”

“நீங்க சும்மா இருங்க. அதோ, அடியில கீறத தெற.”

திறந்தேன். நாடகம் வரவில்லை. செய்தி வந்தது. எங்கள் ஊர்ச் செய்தி. இடிந்த கூரை, தலையில் மூட்டையோடு ஓடுகிற சனம், அறிவிப்பாளரின் குரலில் எனக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

“இத்த ஏன் புடிச்ச?”

“நாடகத்துக்கு முதல் செய்தி போகும் சேர். கொஞ்சம் முந்தித் துவங்கினால்தான் முதல் காட்சி தப்பாது. பிறகு வெட்டிப்போடுவன். இது வெட்ட மறந்துபோன ஒண்டு.”

அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஊர் ஓடுவதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். என் ஊரை நான் வேண்டுமென்று பிடிக்கவில்லை, வெட்ட மறந்தேன் என்பதற்கு, நான் நாடகம் அனுப்புகிறவன் என்பதுதான் இப்போது என் பக்கச் சாட்சி. ஒளித்து வைத்திருந்த குற்றம் சீக்கிரம் திரையில் வரவேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டேன். விளம்பரம் வந்தது. பிறகு நாடகத்தின் தொடக்கப் பாட்டு வந்தது. அந்தப் பாட்டை நான் அவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். “செரி. இது தப்பா, இல்லியா?” என்று ரைட்டரைக் கேட்டார்.

“சிடி போட்டு விக்கல ஐயா. கம்ப்ளெயின்ட்டும் எதுவும் இல்ல.”

“அத்தக் கேக்கல. தப்பா, இல்லியா?”

ஏகாம்பரம் அண்ணா, “கேபிளுக்குத் துட்டு கட்டிட்டாரு சார்” என்றார். மன்றத்தில் நடந்த சண்டை கடைசியில் இங்கேயும் வந்துவிட்டது.

“துட்டு கட்டினா அவரு வூட்ல அவரு பாக்கட்டும். பதிஞ்சி வச்சிக் கூட பாக்கட்டும். ஊரு ஒலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்ட இவரு இன்னா சேனலா வச்சிக்கினு கீறாரு?” இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “உன் பொண்டாட்டிக்குத்தான் அனுப்பினேன்ற. நம்புறேன். ஆனா நாளைக்கு அந்த சேனல்காரன் ஒரு கம்ப்ளெயின்ட் குட்த்தான்னா நான் எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆவணும். அப்புறம் உன் கிளியரன்ஸ்ல நான் எப்படிக் கையெழுத்து போட்றது? இன்னிக்கே நிறுத்து.”

“ஓம் சேர். நிப்பாட்டுறன்.”

“இந்த ஓம், ஆம் எல்லாம் வேணாம். நிறுத்திட்டேன்னு சொல்லு.”

சொன்னேன். கணினியைச் சில நாள் வைத்திருந்து, முழுதும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கிளியரன்ஸ் கையெழுத்தாகி மேலே போய்விட்டது என்று ரைட்டர் சொன்னார். இந்த முறை சுத்தத் தமிழில் சொல்லவில்லை. ஏற்றியதையெல்லாம் அழித்தேன், கார்டைக் கழற்றினேன். மன்றத்தில் ‘இனி வராது’ என்று ஒரு வரி போட்டேன். அதற்குத்தான் நீங்கள் அத்தனை பேர் அப்படி எழுதினீர்கள். பாரிஸ்காரர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்த மனிதர் சொன்னது சரி என்று இப்போது எனக்குப் படுகிறது, ஆனால் அவரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நாடகமும் மண்ணாங்கட்டியும். நீங்கள் வந்து சேர்ந்தால் அதுவே காணும்” என்றாள். அதற்கு அடுத்த நாளோ என்னவோ, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தாள். அவளுக்கு அது காலை, வேலைக்குப் போக இன்னும் நேரமிருந்தது. எனக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, “அது அவளின்ர குரலெல்லோ? சத்தத்தைக் கூட்டுங்கோ” என்றாள். கூட்டினேன். “கிட்டக் கொண்டு போங்கோ.” தொலைபேசியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவும் சட்டத்துக்குள் வருமா என்று ஒருகணம் யோசித்தேன். இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்கவா முடியும்?

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. படம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓடுகிறது, சத்தம் ரொறன்ரோவில் கேட்கிறது. யாரும் பேசாமல் முகங்களை மாறி மாறிக் காட்டும்போது, “இப்ப என்ன நடக்குது? ஆர் நிக்கினம்?” என்று கேட்பாள். “மாமியார் படியிலை நிக்கிறா” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தொலைபேசியை நீட்டுவேன். கனடாவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதைக் குறைத்துவிட்டோம்.

நேற்று நாடகத்தில் மூத்த மருமகள் தனியாக இருந்தாள். பேச்சில்லை, இசையும் இல்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் எழும்பவில்லை. இரண்டாந்தரமும் தட்டினார்கள். தொலைபேசியைக் காதில் வைத்து, “தவம், ஆரெண்டு காட்டேல்லை” என்றேன். அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம், காலடிச் சத்தம், கதவுச் சங்கிலி கழற்றப்படுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

“இஞ்சை வாசலிலை ஒருத்தரும் இல்லையப்பா” என்றாள்.